இடஞ்சுட்டிப் பொருள் காணுதல்: கல்லூரி மாணவரைத் தாமே வேதம் ஆராயப் பழக்கும் முறை

குமரி மாவட்டத்தில் கல்லூரிக்கு வரும் கிறிஸ்தவ மாணவர் எவருக்கும் வேதம் புதிய நூல் அன்று. ஞாயிறு பள்ளி, விடுமுறை வேதாகமப் பள்ளி, மனப்பாட வசனப் போட்டி, கன்வென்ஷன் பந்தல் என்று வளர்ந்தவர்கள் பலர். மறைக்கல்வி வகுப்பையும் அன்பியக் கூட்டத்தையும் கண்டு வளர்ந்தவர்களும் அதே அளவுக்குப் பலர். இவர்களிடம் ஒரு வசனத்தின் முதல் பாதியைச் சொன்னால் மறுபாதியை அவர்களே முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த வசனத்துக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது, அதை யார் யாரிடம் எந்தச் சூழ்நிலையில் சொன்னார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பழக்கமே இதற்குக் காரணம். பக்கத்தைத் திறந்ததும், எழுத்து கண்ணில் படுமுன்பே எப்போதோ கேட்ட பிரசங்கம் நினைவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே இவர்களை வழிநடத்த முன்வருபவர் இன்னும் ஒரு விளக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டியதில்லை. பக்கத்தில் உண்மையாகவே என்ன இருக்கிறது என்று அவர்களைப் பார்க்கவைத்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கான கருவி மாணவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளித் தமிழ்த் தேர்வில் "இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக" என்ற வினாவுக்கு இடம், பொருள், விளக்கம் என்று பிரித்து விடை எழுதிப் பழகியவர்கள் அவர்கள். கம்பனின் ஒரு வரியைக் கொடுத்தால் அது எந்தக் காண்டத்தில், யார் கூற்றாக வருகிறது என்று முதலில் எழுதாமல் பொருளுக்குள் நுழைய மாட்டார்கள். அதே மாணவர் வேதத்தைக் கையில் எடுத்ததும் இடத்தை விட்டுவிட்டு நேரே "இது எனக்கு என்ன சொல்லுகிறது" என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறார். தமிழ்த் தாளுக்குக் காட்டிய ஒழுங்கை இங்கேயும் காட்டுங்கள் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், ஆராய்ச்சி முறை என்று தனியாக வகுப்பெடுக்க வேண்டியிராது.

குழுவும் நேரமும் நூலும்

ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவே இதற்கு ஏற்றது. பத்துப் பேரைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது மீண்டும் ஒரு பிரசங்கமாகிவிடும். நாகர்கோவில் கல்லூரிகளில் படிப்பவர்கள் மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், தோவாளை என்று நாலாபக்கமும் பஸ் ஏறிப் போக வேண்டியவர்கள் என்பதால், வகுப்பு முடிந்ததும் தொடங்கி ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிடுவது நல்லது. நேரம் தவறினால், குறிப்பாக மாணவிகள், அடுத்த வாரம் வீட்டில் அனுமதி பெறுவது கடினமாகிவிடும். கூட்டம் நடப்பதை அவரவர் சபை ஆயருக்கோ பங்குத்தந்தைக்கோ முன்கூட்டியே தெரிவித்துவிடுவதும் மரியாதை.

நம் மாவட்டத்தில் ஒரே வகுப்பில் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், லூத்தரன், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்று எல்லாத் தரப்பினரும் இருப்பார்கள். ஆகையால் மேசைமேல் குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகளாவது இருக்கும். ஒன்று, மிஷனரி ஹென்றி பவர் ஐயரின் குழு உருவாக்கி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பரிசுத்த வேதாகமம். மற்றொன்று, கத்தோலிக்கரும் மற்ற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995-இல் வெளியிட்ட திருவிவிலியம். "யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம்" என்று நீங்கள் அறிவித்தால் "விடுதலைப் பயணம்" என்று படித்து வளர்ந்த மாணவி பொருளடக்கத்தில் தேடிக்கொண்டிருப்பார்; சங்கீதத்துக்குத் திருப்பாடல்கள், அப்போஸ்தலருடைய நடபடிகளுக்குத் திருத்தூதர் பணிகள் என்று இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லப் பழகுங்கள். புராட்டஸ்டண்டு தரப்பில் 66 நூல்கள், கத்தோலிக்கத் தரப்பில் 73 நூல்கள் என்பதையும் முதல் நாளே விளக்கிவிட்டு, எல்லோருக்கும் பொதுவான ஒரு நூலிலிருந்து தொடங்குங்கள். இரு மொழிபெயர்ப்புகளையும் அடுத்தடுத்து உரக்க வாசிப்பது பெரும் உதவி. ஆங்கில வழியில் படித்த மாணவருக்குப் பழைய நடை தடையாக இருந்தால் புதிய நடை கைகொடுக்கும். பழைய நடையில் ஊறியவருக்குப் புதிய நடை, பழகிப்போன வரியை மறுபடி நின்று பார்க்கவைக்கும்.

தொடங்குவதற்கு மாற்கு நற்செய்தியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. பதினாறு அதிகாரங்கள், நடை விரைவானது, நிகழ்ச்சிகள் கண்முன் நிற்பவை. மாணவர்கள் ஆவலோடு கேட்பது வேதத்தின் கடைசி நூலாகிய வெளிப்படுத்தின விசேஷத்தைத்தான் என்றாலும், பழைய ஏற்பாட்டின் தீர்க்கதரிசிகளைப் படித்துப் பழகாதவரை அந்த நூலை அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். அதன் உருவகங்கள் அங்கிருந்தே வருகின்றன. அது தெரியாதவர் நாளிதழைக் கொண்டு அதற்கு விளக்கம் எழுதத் தொடங்கிவிடுவார்.

முதலில் பார்க்கப் பழக்குதல்

எடுத்துக்கொண்ட பகுதியை வசன எண்ணும் தலைப்பும் இல்லாமல், இரண்டு வரிகளுக்கிடையே நிறைய இடம் விட்டுத் தாளில் அச்சிட்டு ஆளுக்கு ஒன்று கொடுங்கள். அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தது. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசன எண்கள் 1551-இல் அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் பாரீசிலிருந்து ஜெனீவாவுக்குச் சென்ற காலத்தில் வெளியிட்ட பதிப்பில் வந்தவை. மாற்கு எழுதியபோது இவை எதுவும் இல்லை. எண்களை எடுத்துவிட்டாலே மாணவர்கள் வசனம் வசனமாகப் பிய்த்து எடுப்பதை நிறுத்திவிட்டுக் கதையை முழுதாகப் படிக்கத் தொடங்குவார்கள். தாளோடு ஒரு பென்சிலும் கொடுத்து, பத்து நிமிடம் எவரும் பேசக்கூடாது என்று சொல்லுங்கள். மனிதர்களின் பெயர்கள், இடங்கள், எண்கள், திரும்பத் திரும்ப வருபவை, ஒன்றோடொன்று ஒத்திருப்பவை, முரண்படுபவை ஆகியவற்றைக் கோடிட்டு இணைக்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டத்தில் கருத்துச் சொல்ல அனுமதி இல்லை; தாளில் விரலை வைத்துக் காட்டக்கூடியதை மட்டுமே சொல்லலாம்.

மாற்கு 5:21 முதல் 43 வரையுள்ள பகுதியை எடுத்துக்கொள்வோம். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீரு, சாகக் கிடக்கும் தன் மகளுக்காக இயேசுவின் பாதத்தில் விழுகிறான். போகும் வழியில் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத, ஒரு பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிறாள். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் முதல் ஐந்து நிமிடம் எவரும் எதையும் குறிப்பதில்லை. பிறகு ஒருவர் அந்தப் பெண் பன்னிரண்டு வருஷம் நோயுற்றிருந்தாள் என்பதைக் குறிப்பார். கடைசி வரிகளுக்கு வரும்போது அந்தச் சிறுபெண்ணுக்கு வயது பன்னிரண்டு என்பது கண்ணில் படும். பென்சில் இரண்டையும் இணைக்கும். அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கும். யவீருவுக்குப் பெயரும் பதவியும் உண்டு, அவளுக்கு இரண்டும் இல்லை. அவன் எல்லோர் முன்னிலையிலும் வந்து கேட்கிறான், அவள் கூட்டத்துக்குள் பின்னாலிருந்து வருகிறாள். ஆனாலும் இருவரும் அவர் முன்பாக விழுகிறார்கள். யவீரு தன் மகளுக்காக வந்திருக்க, இயேசு அந்தப் பெண்ணை "மகளே" என்று அழைக்கிறார். ஒரு முறை ஒரு மாணவி கேட்டார்: "இயேசு நின்று, என்னைத் தொட்டது யார் என்று விசாரித்துக்கொண்டிருக்கிற நேரம் முழுவதும் யவீரு என்ன செய்துகொண்டிருந்தார்? அவரைப்பற்றி ஒரு வரிகூட இல்லையே." சிறிது நேரம் குழுவில் எவரும் பேசவில்லை. அதுவரை பேசாதிருந்த ஒருவர், அந்தப் பெண் குணமான செய்தியும் மகள் மரித்த செய்தியும் ஒரே மூச்சில் வருகின்றன என்று காட்டினார். எந்த விரிவுரையாலும் இந்தக் கவனத்தை உண்டாக்கியிருக்க முடியாது.

இந்த வேளையில் வழிநடத்துபவருக்கு மிகக் கடினமான வேலை, வாயை மூடிக்கொண்டிருப்பது. "அண்ணா, இதற்குச் சரியான விளக்கம் என்ன?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். சொல்லிவிட்டால் அன்றோடு அவர் தேடுவதை நிறுத்திவிடுவார். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி கேள்வி கேட்டபோது இயேசு, "நியாயப்பிரமாணத்தில் என்ன எழுதியிருக்கிறது? நீ வாசித்திருக்கிறது என்ன?" என்றுதான் திருப்பிக் கேட்டார். அதே கேள்வியை நீங்களும் கேளுங்கள். கேள்விக்குப் பின் பதினைந்து விநாடி மௌனம் நிலவினால் பதறி நீங்களே பதிலை நிரப்பாதீர்கள். அந்த மௌனத்தில்தான் மாணவர்கள் தாளுக்குத் திரும்பிப் போகிறார்கள்.

இடத்தைச் சுட்டுதல்

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த வசன அட்டை எடுப்பது நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் உள்ள வழக்கம். அதில் தவறாமல் இடம்பெறும் வசனம் எரேமியா 29:11: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பல மாணவரின் மேசையில் இது ஒட்டப்பட்டிருக்கும். இந்த வசனத்தின்மேல் அவர்களுக்குள்ள பற்றைக் குறைக்காமல், அதன் இடத்தை அவர்களே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். 29-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தால், இது எருசலேமிலிருந்து பாபிலோனுக்கு அனுப்பப்பட்ட ஒரு கடிதம் என்பது தெரியும். கி.மு. 597-இல் எகொனியா அரசனோடு சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது அது. முந்தின அதிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று மக்களுக்குப் பிடித்த செய்தியைச் சொல்லியிருக்கிறான். அதற்கு மறுமொழியாக எரேமியா, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதுகிறார். பதினோராம் வசனத்தின் வாக்கு, பத்தாம் வசனத்து எழுபது வருஷத்துக்குப் பின்னால் நிற்கிறது. கடிதத்தைக் கேட்டவர்களில் வயதானவர்கள் அந்த முடிவைக் காணப்போவதில்லை.

இதைக் கண்டதும் சிலர் மனம் சோர்வார்கள். "அப்படியானால் இது எனக்கு இல்லையா?" என்பார்கள். அவசரப்பட்டுத் தேற்ற வேண்டாம். கடிதம் யாருக்கு என்பதையும், எழுதச் செய்தவர் எப்படிப்பட்டவர் என்பதையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். முதலாவது மாறாது, அது பாபிலோனில் இருந்தவர்களுக்கே. இரண்டாவது நமக்கும் உரியது: தண்டனையின் நடுவிலும் தம் மக்களை மறவாதவர், அவசரமான பொய் ஆறுதலைவிட நீண்ட பொறுமையைக் கேட்பவர். படிப்பு முடித்துச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ வேலை தேடிப் போகப்போகிற குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, அட்டையில் இல்லாத ஏழாம் வசனம், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்" என்பது, பதினோராம் வசனத்தைவிட நேராகப் பேசும்.

இடம் என்பதில் நூலின் வகையும் அடங்கும். நீதிமொழிகள் 26:4 மூடனுக்கு மறுஉத்தரவு கொடாதே என்கிறது. அடுத்த வசனமே கொடு என்கிறது. சட்டமாகப் படிப்பவர் இங்கே முரண் காண்பார். நம் பழமொழிகளோடு வாழ்ந்தவருக்கு, எந்த வேளைக்கு எது பொருந்தும் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டியவை இவை என்பது விளங்கிவிடும். "வானங்கள் தேவனுடைய மகிமையை வெளிப்படுத்துகிறது, ஆகாயவிரிவு அவருடைய கரங்களின் கிரியையை அறிவிக்கிறது" என்னும் 19-ஆம் சங்கீதத்தில் இரண்டாம் பாதி புதிய செய்தி அன்று, முதல் பாதியின் கருத்தே மீண்டும் விரிகிறது. எபிரெயப் பாடல்கள் இப்படி நடப்பவை. வரலாற்றுப் பகுதிகளைப்பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: தாவீது ஒன்றைச் செய்தான் என்று எழுதியிருப்பதால் நாமும் செய்யலாம் என்று ஆகாது.

பின்னணி அறிவையும் தேவையான இடத்தில் மட்டும் கொடுங்கள். மாற்கு 5-க்கு லேவியராகமம் 15:25-27 போதும். அப்படிப்பட்ட பெண் படுக்கிற, உட்காருகிற இடமெல்லாம் தீட்டு, அவற்றைத் தொடுபவரும் தீட்டு என்பது அங்கே இருக்கிறது; எண்ணாகமம் 19:11 பிணத்தைத் தொடுவதும் தீட்டு என்கிறது. இந்த இரண்டையும் வாசித்துவிட்டுத் திரும்பினால், ஒரே நாளில் இரண்டு தொடுதல்கள் நடக்கின்றன என்பது தெரியும். சாதியின் பேரால் ஒரு கூட்டத்தார் இத்தனை அடி தூரம் விலகி நிற்க வேண்டும் என்று வகுத்து வைத்திருந்த திருவிதாங்கூரின் தென்கோடி இது என்பதை அறிந்த மாணவர்கள் உடனே நம் ஊர் வரலாற்றுக்குப் போவார்கள். மயிலாடியில் அவ்வூர்க்காரரான வேதமாணிக்கமும் மிஷனரி ரிங்கல்தௌபேயும் 1800-களின் தொடக்கத்தில் சபையையும் பள்ளியையும் தொடங்கியபோது வந்து சேர்ந்தவர்கள் அந்தத் தூரத்துக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்தவர்கள். இந்த ஒப்பீடு நல்லது, தேவையானது. ஆனால் வேறுபாட்டையும் எழுதச் சொல்லுங்கள். லேவியராகமத்தின் தீட்டு நாள் கழிந்தால் நீங்கும், பிறப்போடு ஒட்டியது அன்று. ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்துவிட்டு வேறுபாட்டை விட்டுவிடுவது ஆராய்ச்சியாகாது.

நம் வாழ்வுக்குக் கொண்டுவருதல்

மாற்கு 4-ஆம் அதிகாரத்துப் புயல் காற்றைக் கடலோர ஊர் மாணவரோடு படிப்பவர் முன்னதாகவே மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ள வேண்டும். கலிலேயாக் கடல் உண்மையில் ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர், கடல்மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே மலைகளுக்கு நடுவே கிடப்பது. மலையிலிருந்து இறங்கும் காற்று அதைத் திடீரென்று கலக்கும். அரபிக்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த விவரம் தேவை. ஆனால் வேறு எவரும் தாண்டிப்போகும் ஒரு வரியை அவர்கள் தாண்ட மாட்டார்கள்: "வேறே படவுகளும் அவரோடேகூட இருந்தது." அந்தப் படகுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களில் தகப்பனையும் அண்ணனையும் இழந்த வீடுகளின் பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருக்கிறார்கள். "போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா?" என்ற வரியை அவர்கள் வாசிக்கும்போது, "உன் வாழ்க்கைப் புயலையும் அவர் அமர்த்துவார்" என்ற பழகிப்போன முடிவுக்கு எவரையும் ஓடவிடாதீர்கள். அந்தக் கேள்வி வேதத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது என்பதையும், கேட்டவர்கள் சீஷர்கள் என்பதையும், அவர் கேட்டவர்களைப் படகிலிருந்து இறக்கிவிடவில்லை என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். அன்று வேறு பயன்பாடு எதுவும் எழுதாமல் ஜெபத்தோடு முடித்தாலும் குறையில்லை.

மற்ற நாட்களில் பயன்பாட்டை எழுத்தில் கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். "நான் அதிகமாக அன்புகூர வேண்டும்" என்பது எதையும் செய்யாமல் இருப்பதற்கு வழி. "விடுதியில் நாங்கள் எவரும் பக்கத்தில் உட்காராத ஒருவரோடு இந்த வாரம் சாப்பிடுவேன்" என்பது மாற்கு 5-ஐப் படித்தவர் எழுதக்கூடியது. அதேபோல் அந்தப் பயன்பாடு பகுதியின் எந்த வரியிலிருந்து வந்தது என்று அருகில் குறிக்கச் சொல்லுங்கள். குறிக்க முடியாவிட்டால் அது நல்ல எண்ணமாக இருக்கலாம், இந்தப் பகுதியின் செய்தி ஆகாது.

விளக்கவுரையும் கருத்து வேறுபாடும்

விளக்கவுரை நூல்களையும் யூடியூப் பிரசங்கங்களையும் தடைசெய்ய வேண்டாம். வரிசையில் கடைசியாக வையுங்கள். குழு தன் முடிவை எழுதி முடித்தபின் ஒரு விளக்கவுரையைத் திறந்து, நாம் தவறவிட்டது என்ன, உரையாசிரியர் தவறவிட்டது என்ன என்று ஒப்பிடலாம். நூற்றாண்டுகளாகச் சபை எந்தப் பகுதியை எப்படிப் படித்து வந்திருக்கிறது என்று அறிவதும் இதில் அடங்கும். எந்த நூற்றாண்டிலும் எவரும் காணாத ஒரு பொருளை நம் குழு கண்டுவிட்டதாகத் தோன்றினால், பெரும்பாலும் நாம்தான் எங்கோ தவறியிருக்கிறோம். தானே படிப்பது என்பது தன்னந்தனியே படிப்பது அன்று.

ஞானஸ்நானம், மரியாள், அந்நிய பாஷை போன்ற விஷயங்களில் சபைகளின் வேறுபாடு வெளிவரும்போது, "இந்தப் பகுதி இதைப்பற்றிப் பேசுகிறதா?" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் பேசாது, விவாதம் அங்கே நின்றுவிடும். பேசுமானால், ஒருவர் மற்றவரின் நிலைப்பாட்டை அவர் ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொன்னபின்பே மறுக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் வந்தால் அவர்களை முதலில் பேசவிடுங்கள். பிரசங்கம் கேட்டுப் பழகாத கண், பக்கத்தில் உள்ளதை நேராகப் பார்க்கும்.

முதல் பருவத்தின் பாதியைக் கடந்ததும் வழிநடத்தும் பொறுப்பை மாணவரிடம் கொடுக்கத் தொடங்குங்கள். பொறுப்பேற்பவர் மூன்று நாள் முன்னதாகப் பகுதியைப் படித்து, "பார்த்தது" என்ற தலைப்பில் ஐந்து கேள்விகளும் "பொருள்" என்பதில் மூன்றும் "பயன்பாடு" என்பதில் ஒன்றும் எழுதி உங்களிடம் காட்டட்டும். ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடிய கேள்விகளையும், விடையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற கேள்விகளையும் அடித்துவிட்டு, மாற்று எழுதித் தராமல் திருப்பிக் கொடுங்கள். கூட்டத்தில் நீங்கள் வட்டத்துக்குள் மற்றவர்களைப்போலத் தாளும் பென்சிலுமாக உட்காருங்கள். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கினால் தலையைக் குனிந்து தாளைப் பாருங்கள். இறுதியாண்டு மாணவர்கள் விடைபெறும் முன் ரூத்தின் நூலை உங்கள் உதவியின்றி அவர்களே நடத்தட்டும்: நான்கு அதிகாரங்கள், நான்கு வாரங்கள், நான்கு பேர் பொறுப்பு. அந்த வாரங்களில் நீங்கள் கூட்டத்துக்குப் போகாமல், அவர்கள் எழுதிவைக்கும் கேள்வித் தாள்களை மட்டும் பிறகு வாங்கிப் படித்தால் போதும்.